சைரன் மெம்பரும் குடும்பத்துக்கு ஒரு மரமும்

மனிதனுக்கு நேரக்கூடிய சகல துன்பங்களுக்கும் ஒரே பரிகாரம் மேட்டில் ஏறி நிற்பதுதான் என்று மனமார நம்பிய மக்கள் பிரதிநிதி, இந்தப் பூமியில் எங்கள் சைரன் மெம்பர் ஒருவராகத்தான் இருக்க முடியும். பாராளுமன்றம் முழுவதும் தேடினாலும் அப்படியொரு கொள்கைப் பிடிப்பைப் பார்க்க முடியாது!

எங்கள் ஊர் அந்தமானில் இருக்கும் ஹட் பே. போர்ட் பிளேரில் கப்பல் ஏறினால், பகலெல்லாம் கடலையே பார்த்துக்கொண்டு வந்து சேர வேண்டிய இடம். மெம்பர் எங்கள் வார்டின் பஞ்சாயத்து உறுப்பினர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். வாக்குச்சீட்டைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாக எனக்கு நினைவில்லை. எங்களைப் போலவே அவரும் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து, இந்தத் தீவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். சுனாமிக்குப் பிறகு, ஜெட்டிக்கு எதிரே இருக்கும் பஞ்சாயத்து அலுவலக மொட்டைமாடியில், கையால் சுற்றும் சைரன் ஒன்றைப் பொருத்தினார்கள். அதன் கைப்பிடியை முதல் நாள் பற்றியவர், பிறகு யாரையும் அருகில் விடவில்லை. சைரன் கேட்டால் ஊர் முழுவதும் பழைய பனந்தோட்டத்து மேட்டுக்கு ஓட வேண்டும். கேட்டுக் கேட்டு, எங்கள் கால்கள் மூளையிடம் அனுமதி கேட்பதையே நிறுத்திவிட்டன.

வேறு எந்தச் சிக்கலானாலும் அவருடைய தீர்ப்பு மாறாது. தெருவில் முதலை நடமாடியதாகப் புரளி வந்தபோது, "முதலைக்கு மேடு ஏறினா மூச்சு வாங்கும். எல்லாரும் மேல போங்க" என்றார். கணவன் மனைவி சண்டை பஞ்சாயத்துக்கு வந்தபோதும், "ரெண்டு பேர்ல யாராச்சும் ஒருத்தர் மேட்டுக்குப் போயிட்டு வாங்க. எறங்கி வரக்குள்ள கோவம் போயிரும்" என்றார். அந்தத் தம்பதியர் இருவரும் சேர்ந்தே ஏறி, அவரைத் திட்டிக்கொண்டே ஒற்றுமையாக இறங்கி வந்தார்கள் என்பது வரலாறு.

இப்படிப்பட்டவரிடம்தான் பன்றிக் காய்ச்சல் வந்து சேர்ந்தது.

நான் அப்போது பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தேன். உலகம் முழுவதும் பரவும் காய்ச்சல், கூட்டமாக இருக்கும் இடங்களில் கவனம் தேவை, முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பஞ்சாயத்துச் சேவைகள் தடைபடக் கூடாது என்று போர்ட் பிளேரிலிருந்து சுற்றறிக்கை வந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. மெம்பர் அதில் தமக்குத் தெரிந்த ஒரு சொல்லை மட்டும் கண்டுபிடித்தார். எமர்ஜென்சி! அடுத்த நிமிடம் மொட்டைமாடியில் சைரன் அலறியது.

ஊர் ஓடியது. பானையை இறக்காமல் ஓடினார்கள், சோப்பு நுரையோடு ஓடினார்கள், ஒருவர் தம் ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். மழை வேறு பிடித்துக்கொண்டது. மேட்டில் இருந்த ஒரே தகரக் கொட்டகைக்குள் மொத்த ஊரும் தோளோடு தோள் ஒட்டி நின்று, கடல் வருமா என்று கீழே பார்த்துக்கொண்டு, ஒருவர் மாற்றி ஒருவர் தும்மினோம். மெம்பர் அலுவலகத்திலிருந்து ஒலிபெருக்கியில் எங்களுக்கு விளக்கம் சொன்னார்: "பயப்படாதீங்க! காச்சல் வருதாம். ஒட்டி நில்லுங்க, ஒருத்தரும் தனியா நிக்காதீங்க!"

ஆஸ்பத்திரி டாக்டர் கேரளத்துக்காரர். குடையும் இல்லாமல், சேறு தெறிக்க அலுவலகத்துக்கு ஓடி வந்தார். ஒலிபெருக்கியை அணைக்க மெம்பர் மறந்துவிட்டதால், தொடர்ந்து நடந்த உரையாடல் எங்களுக்கும் கேட்டது.

"எந்தா மெம்பரே இது! காய்ச்சல் பரவக் கூடாதுன்னு சொன்னா, எல்லாரையும் கொண்டுபோயி ஒரே கொட்டகையில அடைச்சு வெச்சிருக்கு?"

"பின்ன என்னா டாக்டர் மேடம்? ஆபத்துன்னா ஒண்ணா நிக்கணும். அதைச் சொல்லித் தரத்தானே நான் இம்புட்டு நாளா சுத்துறேன்?"

"இந்த ஆபத்துக்குத் தள்ளி நிக்கணும். ஒவ்வொரு வீட்டுக்காரங்களும் தனித்தனியா. மனசிலாயோ?"

மெம்பர் விரல்களால் மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. அவருடைய மதமே மாறிக்கொண்டிருந்தது அல்லவா! பிறகு ஒலிபெருக்கியில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"ஊர் மக்களே! எல்லாரும் கொட்டகையை விட்டு வெளிய வாங்க. அங்க பனைமரம் வரிசையா நிக்குதுல்ல? ஒரு குடும்பத்துக்கு ஒரு மரம். அவங்கவங்க மரத்தடியில போய் நில்லுங்க. அடுத்தவன் மரத்துக்குப் போறவன் வார்டு எலெக்‌ஷன்ல ஓட்டுப் போட வேணாம்!"

எண்ணெய்ப்பனையை நெருக்கி நட மாட்டார்கள். ஓலையோடு ஓலை இடிக்காத தூரம் விட்டுத்தான் நடுவார்கள். டாக்டர் கேட்ட இடைவெளியைவிட அதிகமான இடைவெளி, எந்தக் காலத்திலோ எங்கள் தகப்பன்மார் தோண்டிய குழிகளில் தயாராக இருந்தது! நனைந்துகொண்டே ஆளுக்கொரு மரத்தைப் பிடித்தோம். அன்று கிடைத்ததுதான் எங்கள் மரம். மூன்றாம் வரிசையில், சற்றே சாய்ந்து நிற்கும்.

தவறு செய்தவர் சிறிது காலம் அடங்கியிருப்பார் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். மெம்பர் மறுநாளே பஞ்சாயத்தின் சேவைகள் அனைத்தையும் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார். அதுவரை மக்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். இனி அலுவலகம் மக்களிடம் போகும். அலுவலகத்துக்குச் சக்கரம் இல்லாததால் தண்ணீர் லாரி அந்தப் பொறுப்பை ஏற்றது. சுனாமிக்குப் பிறகு கிணறுகளெல்லாம் உப்புக் கரித்துவிட்டதால், லாரி வராத நாளில் ஊரில் அடுப்பு எரியாது. அந்த லாரியிலேயே முதியோர் பென்ஷன், அங்கன்வாடிச் சத்துமாவு, மாத்திரை, மைக் எல்லாம் ஏறின. மெம்பரும் ஏறிக்கொண்டார்.

அங்கன்வாடியை மூடியதில் அவருக்கு ஒரு கவலை இருந்தது. மாவு வீட்டுக்குப் போய்விடும். படிப்பு எப்படிப் போகும்? எனவே ஒவ்வொரு தெருமுனையிலும் லாரியை நிறுத்தி, மைக்கில் பாடம் நடத்தினார்.

"ஓ! ஓநாய்! எல்லாரும் வீட்டுக்குள்ள இருந்தே சொல்லுங்க. ஓநாய் நம்ம தீவுல கெடையாது, பயப்பட வேணாம். பு! புலி! புலியும் இந்தக் காச்சல் மாதிரிதான், மெயின்லேண்டுலருந்து கப்பல் ஏறி வந்தாத்தான் உண்டு. தைரியமாச் சொல்லுங்க, புலி!"

ஜன்னல்களுக்குள்ளிருந்து குழந்தைகள் "புலி!" என்று கத்துவார்கள். நாய்கள் எல்லாம் குரைக்கும். அதே மூச்சில், "சலோ, சலோ! குடத்தை வெளிய வெச்சுட்டு உள்ள போங்க. குடம் பேசாது, தும்மாது, நீங்க பேசுவீங்க!" என்று தண்ணீரும் விடுவார்.

அந்தச் சமயத்தில் என் அண்ணன் மெயின்லேண்டிலிருந்து கப்பல் ஏறி வந்தான். புலியாக அல்ல, காய்ச்சலாக!

சென்னையில் ஒரு வேலைக்கான தேர்வை எழுதிவிட்டுத் திரும்பியவன், வாசற்படியிலேயே சுருண்டுவிட்டான். டாக்டர் வந்தார், மாதிரி எடுத்தார், வீட்டை விட்டு யாரும் நகரக் கூடாது என்றார். அது அந்தக் காய்ச்சல்தானா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. மாதிரி போர்ட் பிளேருக்குப் போய், அங்கிருந்து மெயின்லேண்டுக்குப் போய், முடிவு திரும்பும் வழியில் எங்கோ கப்பலைத் தவறவிட்டிருக்க வேண்டும்.

அண்ணனைவிட அண்ணியைப் பற்றித்தான் எங்களுக்குப் பயம். அவளுக்கு எட்டாம் மாதம். குழந்தை குறுக்காகக் கிடக்கிறது, பிரசவம் போர்ட் பிளேரின் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும், நல்ல நிலையில் முன்கூட்டியே கப்பல் ஏறிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மழைக்காலம், மேகம் மூடியிருந்ததால் ஹெலிகாப்டரை நம்ப முடியாது. கப்பலும் கடல் அனுமதித்தால்தான் வரும்.

அம்மா ஜன்னலருகே நின்று அழுதபோது, கீழே லாரியிலிருந்து மெம்பர் மைக்கிலேயே வாக்குக் கொடுத்தார்: "அழுவாதீங்க அக்கா! புள்ளயை நோவு இல்லாமக் கப்பல்ல ஏத்தி விடுறது என் பொறுப்பு. பஞ்சாயத்து சொன்னாச் சொன்னதுதான்!" எங்கள் குடும்ப விஷயம் அந்தத் தெரு முழுவதும் எதிரொலித்தது.

அன்றிலிருந்து எங்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் பஞ்சாயத்துச் சமையல். அதைக் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் மெம்பரின் மேதைமை வெளிப்பட்டது. சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த எங்கள் வீடுகள் இரும்புக் கால்களில் உயர்ந்து நிற்பவை. படியேறி வந்தால் நெருக்கம். கீழே வைத்தால் நாய். மெம்பர் தம் பழைய தொழில் கருவியை எடுத்தார். பனையில் குலை இழுக்கப் பயன்படும் நீளமான தொரட்டி! அரிவாளைக் கழற்றிவிட்டு, கொக்கியில் தூக்குச்சட்டியை மாட்டி, தெருவில் நின்றபடியே எங்கள் ஜன்னலுக்கு உயர்த்தினார்.

முதல் நாள் ரசம் முழுவதும் அவர் தலையில் இறங்கியது.

"மெம்பர் மாமா, ரசம் நல்லா இருக்கா?" என்றாள் அண்ணி ஜன்னலிலிருந்து.

"உப்பு கம்மி மகளே! நாளைக்குச் சரியாயிரும்."

"நாளைக்கு எங்களுக்கும் கொஞ்சம் ருசி பாக்கக் குடுங்க!"

மறுநாளே கை பழகிவிட்டது. மூன்றாம் நாள் அவித்த முட்டையைக் கரண்டியில் வைத்துத் தொரட்டி நுனியில் கட்டி, உருளாமல் கொண்டுவந்து நீட்டினார். தெரு முழுவதும் ஜன்னல்களில் நின்று கைதட்டியது. வாய்க்கு ருசி இல்லை என்று அண்ணி ஒருநாள் முனகியதும் மெம்பர் ஓடிப்போய் எலுமிச்சை ஊறுகாயோடு வந்தார்.

"அடுத்த தொரட்டியில என்ன மாமா வருது?"

"சொல்லு மகளே, கப்பலையே மாட்டிக் கொண்டாந்துருவோம்!"

கப்பல் பேச்சை எடுத்ததும் அண்ணியின் முகம் சற்று வாடியதை அவர் கவனித்தார் போலும். தொரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டது. எங்களில் யாருக்கும் தொற்றவில்லை. குறித்த நாட்கள் கழிந்ததும் டாக்டர் வந்து எல்லாரையும் பரிசோதித்து, அண்ணி பயணம் செய்யலாம் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்த வாரமே கப்பலும் வருவதாகச் செய்தி. வீடு துள்ளியது! அம்மா பெட்டி கட்டினாள்.

ஜெட்டியில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி மட்டும் துள்ளவில்லை. அவர் திருநெல்வேலிக்காரர். தீவின் வதந்திகளெல்லாம் அவருடைய பாய்லரில்தான் கொதித்து இறங்கும். அதே கப்பலில் அவரும் சரக்கெடுக்கப் போர்ட் பிளேர் போவதாக இருந்தார்.

கப்பல் வந்து கட்டியதும் மெம்பர் ஜெட்டிக்குப் போய்ப் பேசிப்பார்த்தார். பயணிகள் எல்லாரும் அண்ணாச்சிக்குப் பின்னால் நின்றார்கள்.

"அந்த வீட்டு ஆளு ஏணியில கால் வெச்சா, நாங்க ஒருத்தரும் ஏற மாட்டோம். பாத்துக்கிடும் வே!"

"டாக்டர் மேடமே எழுதிக் குடுத்துருச்சு அண்ணாச்சி. அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமில்ல."

"காயிதத்துக்குக் காய்ச்சல் இல்லைன்னு சொல்லுதீரு. ஆளுக்கு இல்லைன்னு யாருவே பாத்தா? நாங்களும் புள்ளகுட்டிக்காரங்கதான். வழி மறிச்சி உக்காந்துருவோம்."

இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று கடலுக்குத்தான் தெரியும். செய்தி வீட்டுக்கு வந்ததும், எப்போதும் கிண்டல் பேசும் அண்ணி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். அதுதான் எங்களை அதிகமாகப் பயமுறுத்தியது.

மெம்பர் ஜெட்டியிலிருந்து நேராகக் கப்பல் மாஸ்டரிடம் போனார். பிறகு டாக்டரிடம் போனார். பிறகு லாரியில் ஏறி மைக்கைப் பிடித்தார்.

"ஊர் மக்களே! இன்னிக்கு மாக் டிரில்! நெசமான அலை இல்ல, ஒத்திகை. யாரும் பதற வேணாம். ஆனா வராம இருக்கவும் வேணாம்! சைரன் அடிச்சா அவங்கவங்க மரத்தடியில நிக்கணும். சைரன் நிக்கிற வரைக்கும் எறங்கக் கூடாது. எந்த மரத்தடி காலியா இருக்கோ, அந்த வீட்டுக்குத் தண்ணி லாரி கடைசியாத்தான் வரும். ஜெட்டியில நிக்கிறவங்களுக்கும் இது பொருந்தும். டிரில் முடியாமக் கப்பல் எடுக்க மாட்டாங்க, டீக் ஹை?"

டீக்கடைக்காரருக்குத் தண்ணீர் கடைசியாக வருவதைவிடப் பெரிய அலை உலகத்தில் இல்லை. சைரன் எழுந்ததுதான் தாமதம்! அண்ணாச்சி பாய்லரை அணைத்து, வேட்டியை மடித்துக் கட்டி, கூட்டத்துக்கே முன்னோடியாக மேட்டை நோக்கிப் பறந்தார். பெட்டிகளும் மூட்டைகளும் ஜெட்டியில் அநாதையாகக் கிடந்தன. கண் மூடித் திறப்பதற்குள் ஹட் பே காலி!

காலியான சாலையில் தண்ணீர் லாரி வந்து எங்கள் வாசலில் நின்றது. முன் இருக்கையில் அண்ணி, பக்கத்தில் அம்மா, படிக்கட்டில் தொற்றியபடி பெட்டியோடு நான். பள்ளம் ஒவ்வொன்றிலும் பின்னால் தண்ணீர் தளும்பியது. ஓட்டுநர், கண்ணாடிப் பாத்திரக் கடைக்குள் மாடு ஓட்டுபவரைப் போல ஓட்டினார். ஜெட்டியில் டாக்டர் முகமூடியும் புன்னகையுமாகக் காத்திருந்தார். முகமூடிக்கு மேல் கண்கள் மட்டும் சிரித்தன.

கப்பல் ஏணியில்தான் சோதனை தொடங்கியது. அண்ணியால் வேகமாக ஏற முடியவில்லை. ஒரு படி, ஒரு மூச்சு, மறுபடி ஒரு படி. கைச்சைரனோ சுற்றினால்தான் கத்தும். கை ஓய்ந்தால் அதுவும் ஓயும். அது ஓய்ந்தால் ஊர் இறங்கிவிடும்! நான் திரும்பி மொட்டைமாடியைப் பார்த்தேன். மெம்பர் வலக்கையால் சுற்றினார். பிறகு இடக்கை. பிறகு இரண்டு கைகளும். ஒரு கட்டத்தில் கைப்பிடியை வயிற்றால் முட்டித் தள்ளினார் என்று சொன்னால் நம்ப வேண்டும். சைரனின் குரல் இறங்கி, முனகி, மறுபடி எகிறியது. மேட்டில் தலைகள் அசைவது தெரிந்தது.

அண்ணி பாதி ஏணியில் நின்று, மூச்சு வாங்க, மொட்டைமாடியைப் பார்த்துக் கத்தினாள்: "மெம்பர் மாமா! கை வலிக்குதா?"

"நீ ஏறு மகளே! பேசாம ஏறு! ஜல்தி!"

அவர்கள் இருவருக்கும் நடுவில் ஊரே இல்லை. வெறும் சாலை, பூட்டாத கடைகள், ஆவி அடங்காத பாய்லர். அந்த வெறுமையின் உச்சியில் அவர் ஒருவர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எல்லாரையும் மேட்டுக்கு அனுப்பிய மனிதர், ஒருமுறைகூட மேட்டுக்கு ஏறியதில்லை! அன்று மரங்களைப் பங்கிட்டபோது அவருக்கென்று ஒரு மரமும் ஒதுக்கப்படவில்லை. குடும்பத்துக்கு ஒரு மரம் என்பது கணக்கு, அவர் தனியாள். ஏன் தனியாள் என்று, சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

அண்ணி கடைசிப் படியைத் தாண்டினாள். பேசி வைத்தபடி, நான் மெம்பருக்குத் துண்டை ஆட்டிக் காட்டினேன். சைரன் அப்படியே விழுந்து அடங்கியது. மெம்பரும் அதன் பக்கத்திலேயே மொட்டைமாடியில் மல்லாந்துவிட்டார்.

பயணிகள் மூச்சிரைக்க இறங்கி வந்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, வரிசையாக ஏறினார்கள். ஏணியை எடுத்து, கப்பல் நகரத் தொடங்கிய பிறகுதான், மேல்தளத்துக் கேபின் ஜன்னலிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"அண்ணாச்சி! உங்க மரம் சௌக்கியமா?"

அண்ணாச்சியின் முகத்தை ஜெட்டியிலிருந்து என்னால் பார்க்க முடியவில்லை என்பது என் வாழ்நாள் வருத்தம். ஆனால் அண்ணிக்குத் துணையாகக் கப்பல் ஏறிய அம்மா சொன்னாள். கப்பல் ஆழ்கடலில் ஆடத் தொடங்கி, அண்ணி குமட்டலில் துவண்டபோது, கேபின் வாசலில் ஒரு நிழல் தெரிந்ததாம். வாயையும் மூக்கையும் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் தொரட்டிபோல நீட்டி, சுக்குக் காப்பி நிரம்பிய ஃபிளாஸ்க்கைக் கொடுத்தாராம் அண்ணாச்சி. "குடி தாயி. ஃபிளாஸ்க்கைத் திருப்பித் தர வேண்டாம்" என்றாராம்.

பெண் குழந்தை. அறுவை சிகிச்சைதான், தாயும் சேயும் நலம். போர்ட் பிளேரிலிருந்து தொலைபேசி வந்ததும், மெம்பர் இரண்டு கைகளிலும் தைலம் மணக்க லாரியில் ஏறி, ஊர் முழுவதும் மைக்கில் அறிவித்தார்: "நம்ம பஞ்சாயத்துக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு!"

குழந்தையோடு திரும்பிய அண்ணி, முதல் வேலையாக அவரைத் தெருவில் மறித்தாள். "எங்க மரத்தடியில இன்னொரு ஆளுக்கு எடம் இருக்கு மாமா. அடுத்த டிரில்லுக்கு நீங்களும் வந்துருங்க."

"நான் ஏறிட்டா யாரு மகளே சுத்துறது?"

அதன் பிறகு ஊருக்குப் புதிய சைரன் வந்தது. பொத்தானை அழுத்திவிட்டால் போதும், தானே கத்தும். இப்போதாவது வருவார் என்று நினைத்தோம். "கரண்டு போச்சுன்னா?" என்று பழைய கைப்பிடிக்கு எண்ணெய் போட்டு, அதன் பக்கத்திலேயே நிற்கிறார்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒத்திகை வந்தால் நானும் ஓடுகிறேன். மூன்றாம் வரிசையில், சாய்ந்த பனையின் கீழ், ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டுத்தான் நாங்கள் நிற்கிறோம். அந்த இடத்தில் வேறு யாராவது கால் வைத்தால் என் அண்ணன் மகள் விடுவதில்லை; "அது மெம்பர் தாத்தா எடம், தள்ளி நில்லுங்க" என்கிறாள்.